ஒரே பாட்டு, ஒவ்வொரு டிசம்பரும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. எரியும் கணப்பு, பொய்ப் பனி, கம்பளிச் சட்டை போட்ட பாடகர். ஆண்டி வில்லியம்ஸும் பெர்ரி கோமோவும் அதை ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். பிங் கிராஸ்பி டேவிட் போவியுடன் பாடிய நிகழ்ச்சி 1977 செப்டம்பரிலேயே இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. ஒளிபரப்பானபோது கிராஸ்பி உயிரோடு இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது, டேவிட் லெட்டர்மேனின் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியில் ஆண்டுக்கொருமுறை வந்துபோன சில நிமிடங்கள்தான். 1986 முதல் 2014 வரை, எழுத்தாளர் வேலைநிறுத்தம் நடந்த 2007 தவிர, ஒவ்வொரு டிசம்பரிலும் பாடகி டார்லீன் லவ் அங்கே வந்து ஒரே பாட்டைப் பாடினார்: 'கிறிஸ்துமஸ்: பேபி ப்ளீஸ் கம் ஹோம்'.

அந்தப் பாட்டை மட்டும் கேட்டால் போதாது. அவர் பெயருக்கு நேர்ந்ததையும் அறிய வேண்டும். போதகரின் மகளான லவ், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1962இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'ஹீ இஸ் எ ரெபெல்' அவர் குரல். ஆனால் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் இசைத்தட்டில் 'தி கிறிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயரைப் போட்டார். கிறிஸ்துமஸ் பாட்டு லவ்வின் பெயரிலேயே வந்தது. விதி வேறு வழியில் குறுக்கிட்டது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் வெளியான நாள் 1963 நவம்பர் 22. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட நாள். கொண்டாட்டப் பாட்டைக் கேட்கும் மனநிலை அந்தக் குளிர்காலத்தில் யாருக்கும் இல்லை.

பிறகு பல ஆண்டுகள் பிறருக்குப் பின்னணி பாடினார். வாய்ப்புகள் வற்றியபோது லாஸ் ஏஞ்சலிஸில் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். அப்படி ஒரு வீட்டில் குளியலறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வானொலியில் இதே பாட்டு ஒலித்ததாம். பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முடிவெடுத்த கணம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தவர் நியூயார்க் மேடையில் பாடியதன் வழியாக லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு வந்தார். அங்கே வாத்தியக்குழுவை நடத்தியவர் பால் ஷாஃபர். ஸ்பெக்டரின் ஒலிப்பதிவில் பியானோ, கிட்டார், தாளம் எல்லாம் பல மடங்காக அடுக்கப்பட்டு மதில்போல எழுந்து நிற்கும். ஷாஃபரிடம் 1986இல் இருந்ததோ சிறு வாத்தியக்குழு. ஆண்டுதோறும் வயலின்களும் கொம்பு வாத்தியங்களும் கோரஸும் சேர்ந்துகொண்டே போயின. இடையில் வரும் சாக்ஸபோன் தனியிசைக்கு வாசிப்பவர் எங்கிருந்து முளைப்பார் என்று பார்ப்பதே தனி ஆவல்.

பாட்டின் சரக்கு எளிது. ஊரே களித்திருக்க, விட்டுப்போனவரைத் திரும்பி வரச்சொல்லும் ஒரு மன்றாட்டு. முடிவை நெருங்கும்போது அந்த மன்றாட்டு படிப்படியாக உயர்ந்து கூவலாகிறது. இருபத்திரண்டு வயதில் பதிவு செய்தபோது அதில் இருந்தது காதலின் தவிப்பு. அறுபதைக் கடந்த பிறகு பாடியதில் காத்திருந்தே காலம் கழித்த ஒருத்தியின் உரிமைக்குரல் கேட்கிறது. பிந்தையதே பெரிது என்பேன். யூ2வும் மரையா கேரியும் நன்றாகவே பாடினார்கள். அந்தக் கனம் அவர்களிடம் இல்லை.

2014 டிசம்பரில், 73 வயதில், லெட்டர்மேன் மேடையில் கடைசி முறையாகப் பாடினார். அவருக்குப் பின்னால் கோரஸ் பாடகர்கள் வரிசையாக நின்றார்கள், அவர் பாதி வாழ்நாள் நின்ற அதே இடத்தில்.