நாற்பது லட்ச ரூபாய் வரம்பு

கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 40 லட்ச ரூபாய் செலவழிக்கலாம். 2022 ஜனவரியில் நிர்ணயித்த இந்த உச்சவரம்பைப் பயனற்றதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. செலவினப் பார்வையாளர்கள் வருகிறார்கள். மேடை, நாற்காலி, வாடகை வண்டி, சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு அதிகாரிகள் தனிக் கணக்கு எழுதி, வேட்பாளர் கொடுக்கும் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் காட்டாதவரை மூன்றாண்டுகள் போட்டியிட முடியாமல் செய்ய தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கையில் காசில்லாத ஒருவர் பெங்களூரில் துணிந்து நிற்க, சட்டம் தரும் பெரிய ஆதரவு இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு தொடங்கும் நாளைப் பாருங்கள். மனுத்தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆவது மட்டுமே தேர்தல் செலவு. 2023இல் மனுத்தாக்கல் ஏப்ரல் 13இல் தொடங்கியது. மே 13இல் முடிவு வந்தது. மனுத்தாக்கலுக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேரும் குக்கரும் சேலையும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கட்சி செய்யும் பொதுப் பிரச்சாரத்துக்கோ வரம்பே கிடையாது. அந்தத் தேர்தலில் பிடிபட்ட ரொக்கம், மது, தங்கம், பரிசுப் பொருட்களின் மதிப்பு சுமார் 375 கோடி ரூபாய்; 2018இல் பிடிபட்டதைப் போல ஏறக்குறைய நான்கரை மடங்கு. பறக்கும் படைகள் உழைத்திருக்கின்றன. பிடிபடாமல் போனதுதான் கவலை.

இதைவிடப் பெரிய குறை, பணம் எங்கிருந்து வந்தது என்று இந்த வரம்பு கேட்பதே இல்லை. அரசுப் பணிகளுக்கு 40 சதவீதம் வரை கமிஷன் கேட்கிறார்கள் என்று மாநில ஒப்பந்ததாரர்கள் சங்கம் 2021 ஜூலையில் பிரதமருக்கே கடிதம் எழுதியது. 2023 மார்ச் தொடக்கத்தில், பெங்களூரு கிரசென்ட் சாலையில் அப்போதைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனை லோகாயுக்தா போலீஸ் கைது செய்தது. மைசூர் சாண்டல் சோப்பு தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் மூலப்பொருள் டெண்டருக்காக லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. தொகை 40 லட்சம். அது தேர்தலுக்கான பணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு டெண்டரில் கைமாறியதாகச் சொல்லப்படும் தொகை வேட்பாளரின் முழு வரம்புக்குச் சமமாக இருக்கும் ஊரில், அந்த வரம்பு நேர்மையாகக் கணக்கு எழுதுபவரைத்தான் நெருக்கும்.

2024 பிப்ரவரி 15இல், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நன்கொடை தந்தவர் யார் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்றது. அடுத்த மாதம் நன்கொடையாளர் பட்டியல் வெளிவந்ததும், பத்திரம் வாங்கிய தேதிகளையும் ஒப்பந்தம் கிடைத்த தேதிகளையும் பத்திரிகையாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அத்தனை எளிய வேலை அது. பட்டியல்தான் ஆறு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கட்சிகள் இப்போது தரும் நன்கொடை அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்டவை மட்டுமே அதில் இருக்கும். கட்சிச் செலவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். யார் தந்தார்கள், எந்தச் சாலையும் எந்தக் கால்வாயும் யாருக்கு ஒப்பந்தமாயின என்ற இரண்டு பட்டியல்களும் வாக்குப்பதிவுக்கு முன்பே பெங்களூரு வாக்காளர் கைக்கு வர வேண்டும்.