இரண்டாவது மோதல்: எது எதன்மேல்?

ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலில் ஒரு முழு அத்தியாயமே 'செகண்ட் கொலிஷன்' பற்றியது. அக்கால அமெரிக்கக் கார் எழுத்தில் இந்தச் சொற்றொடருக்குத் தனி இடம் உண்டு. அகராதியைப் புரட்டி 'இரண்டாவது மோதல்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்தான். ஆனால் அந்தத் தமிழை வாசிக்கிறவனுக்கு என்ன தோன்றும்? ஒரு கார் இடித்து நின்றது, பின்னாலே வந்த லாரியும் அதில் வந்து இடித்தது என்றுதானே? விஷயம் அதுவே இல்லை.

கார் மரத்தில் மோதுகிறது. நிற்கிறது. உள்ளே இருக்கிற ஆள் நிற்பதில்லை. கார் வந்த வேகத்திலேயே அவன் உடம்பு முன்னால் போகிறது. நெஞ்சு ஸ்டியரிங்கிலும் முகம் கண்ணாடியிலும் முழங்கால் டாஷ்போர்டிலும் போய் அறைபடுகின்றன. இதுதான் இரண்டாவது மோதல். ஒரு நொடியின் சிறு துணுக்குக்குள் இரண்டும் முடிந்துவிடுகின்றன. (மூளை மண்டையோட்டில் போய் இடிப்பதை 'மூன்றாவது மோதல்' என்றும் சொல்கிறார்கள்.)

குழப்பம் 'இரண்டாவது' என்பதில் இல்லை, 'மோதல்' என்பதில் இருக்கிறது. அது தொழிற்பெயர். எழுவாயைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது தொழிற்பெயருக்கு ஒரு வசதி. எது மோதிற்று, எதன்மேல் மோதிற்று என்று சொல்லவேண்டிய கட்டாயம் கிடையாது. கார் எழுத்தில் மோதல் என்றால் வண்டியோடு வண்டி, இல்லாவிட்டால் வண்டியோடு மரம். மனித உடம்பு அந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. 'காயம்' என்று தனியாக, மருத்துவமனை வாக்கியத்தில் வரும். நேடரும் அவருக்கு முன்னோடிகளும் உடம்பை எழுவாயாக்கினார்கள். ஹியூ டிஹேவன் அப்படி ஒரு முன்னோடி. முதல் உலகப்போர்க் காலத்தில் விமானம் மோதி, தன்னுடைய பெல்ட்டின் கொக்கியாலேயே வயிற்றுக்குள் காயம்பட்டுப் பிழைத்த மனிதர். மிக உயரத்திலிருந்து விழுந்தும் சாகாதவர்களை ஆராய்ந்து 1942இல் கட்டுரை எழுதினார். விழுந்த உயரத்தைவிட, விழுந்தவன் எதன்மேல், எப்படி நின்றுபோகிறான் என்பதையே அவர் பார்த்தார்.

இதற்கு எதிர்ப்பாட்டாக இன்னொரு சொற்றொடர் உண்டு: 'த நட் பிஹைண்ட் த வீல்'. இங்கே வீல் என்பது சக்கரமல்ல, ஸ்டியரிங். நட் என்பது போல்ட்டில் மாட்டுகிற நட்டு, கிறுக்கனையும் குறிக்கும். காரிலேயே ஆபத்தான பாகம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த 'நட்டு'தான் என்று கேலி. நமக்கு இது சுலபம், 'மரை கழண்டவன்' என்று ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறோம். கேலி யாருக்கு உதவுகிறது என்பதுதான் கேள்வி. முதல் மோதலை மட்டும் பேசினால் விடை எப்போதும் டிரைவர்தான். குடிச்சிருந்தான், தூங்கிட்டான். உண்மையாகக்கூட இருக்கட்டும். தூங்கினதுக்குத் தண்டனை நெஞ்சில் ஈட்டியா? அக்காலக் கார்களில் மடங்காத ஸ்டியரிங் தண்டு ஈட்டி மாதிரிதான் பின்னோக்கிப் பாய்ந்தது. அதை அப்படி வரைந்தவன் ஒருவன் இருக்கிறான் இல்லையா?

நீதிமன்றங்களும் இதே வாசிப்புச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டன. 1966இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிரான எவன்ஸ் வழக்கில், ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் காரின் நோக்கத்தில் மோதுவது அடங்காது என்றது. தண்ணீருக்குள்ளும் கார் விழக்கூடும், அதற்காக மிதவை கட்டித் தரவேண்டுமா என்ற கம்பெனியின் கேள்வியையும் ஒப்புக்கொண்டது. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் கார் ஆற்றில் விழுவது அபூர்வம், மோதுவது அன்றாடம். 1968இல் லார்சன் வழக்கில் எட்டாவது வட்டார நீதிமன்றம் மாற்றி வாசித்தது. நேருக்கு நேர் மோதலில் ஒரு கார்வேர் காரின் ஸ்டியரிங் தண்டு டிரைவரின் தலையில் பாய்ந்திருந்தது. விபத்துக்குக் கம்பெனி காரணமில்லை என்றாலும் வடிவமைப்பால் கூடுதலான காயத்துக்கு அது பொறுப்பாகலாம் என்றது நீதிமன்றம். எவன்ஸ் தீர்ப்பை ஏழாவது வட்டாரமே 1977இல் கைவிட்டது.

ஆகவே தமிழில் 'வண்டிக்குள் உடம்பு மோதுவது' என்று நீட்டி எழுதுவதே மேல். அழகில்லைதான், ஆனால் எழுவாய் ஓடிப்போகாது.

அப்படி விரித்தால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இந்த எண்ணிக்கையே காருக்குள் உட்கார்ந்திருக்கிறவனை வைத்துப் போட்டது. தெருவில் நடந்து போகிறவனுக்கு முதல் மோதலே உடம்பில்தான். பானெட் அவனைத் தூக்கி எறிகிறது, பிறகு தரை இடிக்கிறது. இதற்கெல்லாம் என்ன எண் கொடுப்பது? காடிலாக்கின் வால்துடுப்பு வெளியே இருக்கிறவனைக் கிழிப்பதை நேடர் வேறு அத்தியாயத்தில் எழுதத்தான் செய்தார். சொற்றொடருக்குள் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. காருக்குள் இருக்கிறவனுக்கான அமெரிக்கச் சட்டம் 1966இலேயே வந்தாயிற்று. நடப்பவன் தலைக்குத் தக்கபடி பானெட்டைச் செய்யச் சொல்லும் விதியை அங்கே அரசு முன்மொழிந்தது 2024 செப்டம்பரில்.