உம்ராவ் ஜான்: இசை ஓய்ந்தபின் எஞ்சும் கேள்வி

மிர்ஸா ஹாதி ருஸ்வா 1899இல் வெளியிட்ட ‘உம்ராவ் ஜான் அதா’ என்னும் உருது நாவலை முஸஃபர் அலி 1981இல் திரைப்படமாக்கினார். ரேகாவின் நடிப்பும், கய்யாமின் இசையும், ஆஷா போஸ்லேயின் குரலும் தேசிய விருதுகள் பெற்றன. தகுதியறிந்து தந்த விருதுகளே அவை. எனினும், படம் முடிந்தபோது நம் நெஞ்சில் மகிழ்ச்சியைக் காட்டிலும் சங்கடமே மிகுந்திருந்தது.

காரணம் யாது? ஃபைஸாபாத்தில் பெற்றோர் நிழலில் வளர்ந்த அமீரன் என்னும் சிறுமியை, தந்தைமீது பகைகொண்ட அண்டை வீட்டான் கடத்திச் சென்று லக்னோவில் கணிகையர் இல்லமொன்றில் விற்றுவிடுகிறான். அவளோடு அடைபட்டிருந்த ராம்தேயி சற்றே வெளுத்த நிறத்தவள். அவள் நவாபின் வீட்டுக்கு விற்கப்பட்டு, பின்னர் அவர் மனைவியாகிறாள். அமீரனோ அதே நவாபால் காதலிக்கப்பட்டுக் கைவிடப்படும் உம்ராவ் ஆகிறாள். தோலின் நிறம் இரு பெண்களின் வாழ்வைப் பிரித்த இக்கொடுமையைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. விளக்கொளியிலும் பட்டாடையிலும் காற்சதங்கையிலுமே அது தங்கி நிற்கிறது. பார்ப்போரும் பாட்டை நினைவில் கொள்கின்றனர். விற்கப்பட்ட குழந்தையை மறந்துவிடுகின்றனர்.

கல்வியும் கவிதையும் அவளுக்கு அங்கேதானே கிடைத்தன என்பாரும் உளர். நம் கீழக்கரை ஆசியா உம்மா தம் இல்லத்திலிருந்தே மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றினார். பெண்ணின் புலமைக்கு அவள் மானத்தை விலையாகக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால், இறுதிப் பகுதி நம்மை உலுக்கிவிடுகிறது. 1857ஆம் ஆண்டுப் புரட்சியில் லக்னோ சிதற, உம்ராவ் தான் பிறந்த வீட்டின் வாசலில் வந்து நிற்கிறாள். தாயின் மனம் இளகுகிறது. தம்பியோ அவளை உள்ளே விட மறுக்கிறான். கடத்தியவன் செய்த குற்றத்திற்குக் கடத்தப்பட்டவளே தண்டனை பெறுகிறாள்.

திரையரங்கே இல்லாத காயல்பட்டினத்தாருக்கும் இக்காட்சி சுருக்கென்று தைக்கும். நம் ஊரில் மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். மாப்பிள்ளைதான் அங்கு வருகிறார். வீடும் பெண்ணுக்கே தரப்படுகிறது. இதைப் பெருமையுடன் சொல்லும் நாம், ஊர் பழித்த ஒருத்தி வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்போமா?

படத்தின் அலங்காரத்தை நாம் ஏற்கவில்லை. அது எழுப்பும் கேள்வியைத் தள்ளவும் இயலவில்லை. வளர்ந்த பிள்ளைகளுடன் பார்க்கும் குடும்பங்கள், பாடல்களைப் பற்றிப் பேசுமுன் அந்த வாசற்படியைப் பற்றிப் பேசட்டும்.