மத்திகிரியின் புல்வெளி

ஓசூரை அடுத்த மத்திகிரி அரசு கால்நடைப் பண்ணையில் ரசிக்கத்தக்கது அதன் வயதைவிட அதன் பிடிவாதம். 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம், பின்னர் சென்னை மாகாணக் கால்நடைத் துறையின் கைக்கு வந்து, செந்நிறச் சிந்தி மாடுகளுக்குத் தொழுவமானது. கம்பெனி போனது, பிரிட்டிஷ் அரசும் போனது. சேலம் மாவட்டத்து ஓசூர் தருமபுரிக்கும், 2004-இல் கிருஷ்ணகிரிக்கும் கைமாறியது. சுமார் 1,600 ஏக்கர் பண்ணை மட்டும் பண்ணையாகவே நின்றது. சிப்காட் ஆலைகள் மனை விலையை ஏற்றிவிட்ட ஊரில் இவ்வளவு நிலம் சும்மா கிடக்கலாமா என்பார்கள். (கேட்பவர் பெரும்பாலும் மாடு வளர்த்திராதவர்.) ஆலையை வேறு ஊரிலும் எழுப்பலாம், வம்சாவளி பார்த்துச் சேர்த்த மந்தையும் மேய்ச்சலும் அப்படிப் பெயர்ந்து போகாது. தனியார் சொத்தாயிருந்தால் இன்னும் நன்றாக நடந்திருக்கும் என்பதும் ஐயமே: மூன்றாம் தலைமுறைப் பாகப்பிரிவினையிலேயே இந்தப் புல்வெளிக்குள் வரப்புகள் முளைத்திருக்கும், பிறகு மனைக்கற்கள்.