இருபத்தெட்டாவது நகர்வுக்கு முன்னால்

2013 நவம்பர் 21, சென்னை. உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். ஆனந்துக்கு வெள்ளைக் காய்கள். இருபத்தேழாவது நகர்வில் எதிராளி கார்ல்சனின் கறுப்புச் சிப்பாய் பி1 கட்டத்தைத் தொட்டு ராணியானது. வெள்ளை ராஜாவுக்குச் செக். ஆனந்த் ஜி3-இல் நின்ற குதிரையை எஃப்1-க்கு இறக்கிச் செக்கை மறைத்தார். கார்ல்சன் புது ராணியை இ1-இல் கொண்டுவந்து வைத்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆனந்தின் ராணி அப்போது எச்6-இல் நின்றது. எஃப்4-இல் இருந்த யானை எச்4-க்கு வந்துவிட்டால் எச்7-இல் மேட். குதிரை ஜி3-இல் இருந்தவரை இ1-இலிருந்து எச்4 வரை போகும் மூலைவிட்டம் அடைபட்டிருந்தது. குதிரை விலகியதும் அந்த வழி திறந்துகொண்டது. இ1-க்கு வந்த ராணி எச்4 கட்டத்தைக் காவல் காத்தது. யானை அங்கே போனால் வெட்டுப்படும். ஜி2-இல் இருந்த மந்திரியால் செக்கை மறைத்திருந்தால், மேட்டைத் தடுக்க கார்ல்சன் அந்தப் புது ராணியையே பலி கொடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இன்று யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க என்ஜின் நொடியில் சொல்லிவிடும். செயலி அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிடும். ஆனால் தோற்றவருக்குக் கிடைத்த பாடம் என்ன? குதிரைக்குப் பதில் மந்திரி என்பதா? அந்த நிலை அவர் வாழ்நாளில் மறுபடி பலகையில் வரப்போவதில்லை.

சதுரங்கப் பயிற்சியில் யாரும் எதிர்த்துப் பேசாத விதி ஒன்று உண்டென்றால், அது ‘தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து அலசு’ என்பதுதான். எல்லாப் பயிற்சியாளரும் சொல்கிறார்கள், எல்லாப் புத்தகமும் சொல்கிறது. பழக்கம் நல்லதுதான். ஆனால் இன்று பெரும்பாலோர் செய்கிற விதத்தில் அதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம் என்பது என் கணிப்பு. சரியான நகர்வைக் கண்டுபிடிப்பது இந்த வேலையின் மலிவான பாதி. தவறான நகர்வை ஆடியபோது தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை மீட்டெடுப்பதே அருமையான பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்குத் திட்டமான உருவம் கொடுத்தவர் மிகயீல் போட்வின்னிக். சோவியத் சதுரங்கப் பள்ளியின் தலைமகன், தொழிலால் மின்பொறியாளர். தன் ஆட்டங்களைத் தானே அலசி, அந்த அலசலை அச்சில் போட வேண்டும் என்று வலியுறுத்தினார். அச்சில் வந்தால் பிறர் பிழை காட்டுவார்கள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. 1957-இல் ஸ்மிஸ்லோவிடம் உலகப் பட்டத்தை இழந்து 1958-இல் மீட்டார். 1960-இல் டாலிடம் இழந்து 1961-இல் 13-8 என்று மீட்டார். அப்போது அவருக்கு வயது 49, டாலுக்கு 24. தோல்விகளை அலசியதன் பலன் என்று இந்த இரண்டு மீட்சிகளையும் காட்டுவார்கள். பெருமளவு உண்மைதான். டாலை அவருக்குப் பிடிக்காத அமைதியான நிலைகளுக்கும் இறுதியாட்டங்களுக்கும் இழுத்துச் சென்றது தற்செயலாக நடந்ததல்ல. ஆனால் 1961-இல் டால் சிறுநீரகக் கோளாறோடு விளையாடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாம்பியன்களின் கதைகளில் அலசலுக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவது நம் வழக்கம்.

நம் ஊர்க் கதைக்கும் இது பொருந்தும். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில், முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று வந்த குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. இரண்டே வருடத்தில் புடாபெஸ்டில் அணித் தங்கம், அதே ஆண்டில் உலகப் பட்டம். அந்த ஒரு தோல்விதான் அவரைச் செதுக்கியது என்று மேடைகளில் பேசுகிறார்கள். இருக்கலாம். பதினாறு வயதில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பையன் அந்தத் தோல்வி இல்லாமலும் வளர்ந்திருப்பான் என்பதும் இருக்கலாம்.

சரி, தன் தோல்வியை அலசுவதில் வேறெதிலும் கிடைக்காத பயன் உண்டா? உண்டு. அதை விளக்க ஒரு பழைய ஆராய்ச்சி உதவும். டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட், 1938-இல் நெதர்லாந்தில் நடந்த அவ்ரோ போட்டிக்கு வந்த அலெக்ஹின், கெரஸ் போன்றவர்களையும், அவர்களைவிடக் குறைந்த தரத்து ஆட்டக்காரர்களையும் ஒரே நிலைகளின் முன் உட்காரவைத்து, நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-இல் நூலாக வந்த முடிவு பலருக்கு வியப்பு. கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக அதிக ஆழம் கணக்கிடவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது. மற்றவர்களுக்கு அது படவே இல்லை.

இதை நம் விஷயத்துக்குக் கொண்டுவாருங்கள். தோற்றவன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நகர்வைத் தப்பாகக் கணக்கிட்டேன் என்பதைவிட, எந்த நகர்வு என் நினைவுக்கே வரவில்லை என்பதுதான். இதற்குப் பதில் என்ஜினிடம் கிடையாது. அந்த நகர்வை நீங்கள் பார்த்தும் தப்பாக எடைபோட்டீர்களா, பார்க்கவே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் குறிதான் போடும். ஆனால் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நிலைகளை மதிப்பிடும் பயிற்சி வேண்டும். இரண்டாவதற்கு, ஒவ்வொரு நகர்வுக்கும் முன் எதிராளியின் செக்குகளையும் வெட்டுகளையும் ஒரு சுற்று பார்க்கும் ஒழுங்கு வேண்டும்.

சோவியத் கிராண்ட்மாஸ்டரும் உளவியலாளருமான நிக்கோலாய் குரோகியுஸ் இத்தகைய குருட்டுப் புள்ளிகளை வகைபிரித்திருக்கிறார். அதில் ஒன்று, காய் நகர்ந்த பிறகும் அதன் பழைய இடம் மனதில் ஒட்டிக்கொண்டிருப்பது. சென்னையின் இருபத்தெட்டாவது நகர்வுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குதிரை எஃப்1-க்குப் போய்விட்டது. மனதில் மட்டும் அது ஜி3-இல் நின்று மூலைவிட்டத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். சரியா தவறா என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அதனால்தான் சொந்தத் தோல்விக்கு இவ்வளவு மதிப்பு: அங்கே நடந்த சிந்தனைக்குச் சாட்சி நீங்கள் மட்டுமே.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். அந்த ஆட்டம் தொடங்கும்போது ஆனந்த் 3-5 என்று பின்தங்கியிருந்தார். மிச்சம் நான்கே ஆட்டங்கள். டிரா என்பது தோல்வியைத் தள்ளிப்போடுவதுதான். அதனால் நிம்ஸோ-இந்தியன் திறப்பில் எஃப் சிப்பாயை நான்காம் நகர்விலேயே தள்ளும் கூர்மையான வழியை எடுத்தார். ராஜா பக்கம் முழுப் படையெடுப்பு. ராணி பக்கம் கறுப்புச் சிப்பாய் தடையில்லாமல் இறங்கிவருகிறது. இருபத்துமூன்றாவது நகர்வில் நெடுநேரம் யோசித்தார். மேட் இருக்கிறதா இல்லையா என்று தேடித் தேடிக் களைத்த ஒருவர், ஐந்து நகர்வுகள் கழித்து மேட் இருக்கிறது என்று நம்ப விரும்பியதில் என்ன அதிசயம்? இரண்டு கேள்விக்குறி விழுந்தது இருபத்தெட்டில். தவறு கருக்கொண்டது அதற்கு வெகுநேரம் முன்பு. கேள்விக்குறி விழுந்த இடத்திலேயே அலசலை நிறுத்துகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

அடுத்த குறை இன்னும் அடிப்படையானது. தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுப்பதே ஒருதலையான தேர்வு. 2014 நவம்பர் 15, சோச்சி. அதே இருவர், ஆறாவது ஆட்டம். கார்ல்சன் இருபத்தாறாவது நகர்வில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். படு தவறு. ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டி, அடுத்து சி4 சிப்பாயையும் செக்கோடு வெட்டியிருந்தால் இரண்டு சிப்பாய்கள் லாபம். அவர் கவனிக்கவில்லை, ஏ சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். ஆட்டத்தையும் பிறகு இழந்தார். இருவருமே ஒரே விஷயத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இந்த ஆட்டம் ஒருவர் கோப்பில் தோல்வி, மற்றவர் கோப்பில் வெற்றி. கார்ல்சன் கவனமானவர், ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களிடம் தன் பிழையை ஒப்புக்கொண்டார். சாதாரண ஆட்டக்காரர் அப்படியா? ஜெயித்த ஆட்டத்தில் எதிராளி பார்க்கத் தவறிய பிழை, அலசப்படாமலே அடுத்த போட்டிக்குக் கூடவே வரும். தோல்வியை மட்டும் ஆராய்கிறவர் தன் பிழைகளை ஆராயவில்லை. எதிராளிகள் கண்டுபிடித்த பிழைகளைத்தான் ஆராய்கிறார்.

எப்போது அலசுவது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். டிராவுக்கு வழி இருந்தது என்று அவர் குழு கண்டுபிடித்து மறுநாள் அவரிடம் சொன்னது. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை, நிலைகுலைந்துபோனார். அடுத்த மூன்று ஆட்டங்கள் டிரா, ஆறாவதில் 19 நகர்வுகளில் தோல்வி. அந்தச் செய்திதான் போட்டியைத் தோற்கடித்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டி நடுவில் கிடைக்கும் உண்மை எல்லாமே உதவும் என்று எண்ணுவது தவறு.

நம் ஊர்ப் போட்டிகளில் நடப்பதைப் பாருங்கள். ஏதாவது ஒரு கல்யாண மண்டபம் அல்லது பள்ளிக் கலையரங்கம். ஒரே நாளில் இரண்டு மூன்று ரவுண்டுகள். தோற்ற பிள்ளை ஸ்கோர்ஷீட்டோடு வெளியே வருகிறது. அப்பா தாளை வாங்கி, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து நகர்வுகளைச் செயலியில் ஏற்றுகிறார். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: ‘பதினெட்டாவது மூவ்ல ஜெயிச்சுட்டிருந்தே, தெரியுமா?’ பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. அடுத்த ரவுண்டுக்குப் பேரிங் போட்டாயிற்று. இதில் பிள்ளை என்ன நினைத்து ஆடியது என்று யாரும் கேட்கவில்லை. இனி கேட்டாலும் பயனில்லை, ஏனென்றால் சரியான விடையைப் பார்த்த பிறகு பழைய நினைப்பு கலைந்துவிடும். ‘அதை நான் பார்த்தேன், ஆனா...’ என்று பிள்ளை சொல்லும். அது பொய்யும் இல்லை. விடை தெரிந்த மனம் தன் நினைவைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது.

திறப்பின் மேல் பழி போடுவது இன்னொரு சுகமான தப்பித்தல். சிசிலியனில் தோற்றால் சிசிலியனை விட்டுவிடுவார்கள், புதிதாக ஒரு கோர்ஸ் வாங்குவார்கள். ஆட்டத்தை எடுத்துப் பார்த்தால் இருபதாவது நகர்வில் நிலை சமமாகத்தான் இருந்திருக்கும். தோற்றது யானை இறுதியாட்டத்தில். யானை இறுதியாட்டம் கற்க மாதக்கணக்காகும், திறப்பை மாற்ற ஒரு மாலை போதும். ஒரே ஒரு தோல்வியிலிருந்து இவ்வளவு பெரிய முடிவு எடுப்பதும் பிழை. ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காது. பத்துப் பதினைந்து ஆட்டங்களில் ஒரே வகைத் தவறு திரும்ப வந்தால்தான் அது உங்கள் குறை. ரஷ்யப் பயிற்சியாளர் மார்க் த்வரேத்ஸ்கி மாணவர்களின் ஆட்டங்களில் தேடியது இந்தத் திரும்பி வரும் குறைகளைத்தான்.

எல்லோருக்கும் இந்த அலசல் தேவையும் இல்லை. ஃபிடே ரேட்டிங் இப்போது 1400-இல் தொடங்குகிறது. அதைத் தொடாத பிள்ளை பெரும்பாலும் தோற்பது காயைச் சும்மா தூக்கிக் கொடுத்து. அதற்கு மூன்று மணி நேர அலசல் வீண். தினமும் இருபது புதிர் போட்டால் போதும்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இது: பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே, எந்த என்ஜினும் இல்லாமல், முக்கியமான நகர்வுகளில் என்ன பார்த்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டும் எழுதிவையுங்கள். என்ஜின் போட்டி முடிந்த பிறகு வரட்டும். ஜெயித்த ஆட்டங்களுக்கும் இதே மரியாதை கொடுங்கள். எதிராளியோடு பலகை போட்டுப் பேசும் பழைய வழக்கத்தையும் விடாதீர்கள். நீங்கள் பார்க்காததை அவர் பார்த்தாரா என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

அதற்கு இடம் வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் ஆட்டம் முடிந்த இருவரைக் கூடத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். வெளியே நிற்பது பெற்றோரும் கைப்பேசியும்தான். போட்டி நடத்துகிறவர்கள் பக்கத்து அறை ஒன்றில் நாலைந்து பலகைகளைப் போட்டு, கைப்பேசிக்கு அங்கே அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டிவைத்தால் போதும். நுழைவுக் கட்டணத்தை உயர்த்தாமலே இதைச் செய்ய முடியும்.