கறுப்பு ஹெர்குலிஸும் ஒரு டப்பா எனாமலும்

1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது மார்டள்ளி. தமிழ் பேசும் மலையடிவார ஊர். இங்கே ஓடும் பழைய இரும்புச் சைக்கிளுக்குக் கறுப்பே அழகு. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸை நினைத்தால் எனக்கு வேறு நிறமே தோன்றுவதில்லை.

பெயின்ட் அடிப்பதில் பாதி வேலை தேய்ப்பதுதான். சக்கரம், ஃபோர்க், செயின் எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாளால் துருவைச் சுரண்ட வேண்டும். பெடல் அச்சு நுழையும் குழலுக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும்; சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் அங்கே தங்கிவிடுகிறது. பிறகு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. காய்ந்ததும் எனாமல், இட்லிக்கு எண்ணெய் தடவுகிற அளவுக்கு மெல்லிசாக, இரண்டு மூன்று முறை. அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் வழிந்து கோடாக நிற்கும். எனாமல்மேல் தின்னர் கலந்த டூகோ பெயின்ட்டை அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி எழும்பும். மரைகளில் பெயின்ட் படாமல் துணி அடைப்பது நல்ல கைக்கு அடையாளம். ஃபிரேமில் குத்திய நம்பரை மூடிவிடுகிறவரிடம் வண்டியையே கொடுக்கக் கூடாது!

கீறலுக்கு மட்டும் தொட்டு வைப்பதானால் சின்ன பிரஷ் போதும். ஆனால் பழைய கறுப்பு வெயிலில் வெளுத்திருக்கும்; புதுக் கறுப்பு திட்டாகத் தெரியும். தெரியட்டுமே, துரு நின்றால் சரி. கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் சுரண்டாமல் சுற்றி அடிக்கச் சொல்லுங்கள்.