நம்பர் தெரிந்தவர்களுக்கான பதிவேடு

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் யாரிடமாவது "உங்க காடு எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்கள். "கண்மாய்க்குக் கிழக்கே, ஓடைக்கு அங்கிட்டு" என்பார்கள். சர்வே நம்பரைச் சொல்பவர் குறைவு.

தமிழக அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடு பார்க்கப் போனால் அந்த நம்பர்தான் வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் கொடுத்தால் அந்த ஒரு புலத்தின் விவரம் மட்டும் வரும். தன் நிலத்து நம்பர் தெரிந்தவருக்கு இது பெரிய உதவிதான். தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏற வேண்டாம். அதை மறுக்கவில்லை.

என் குறை வேறு. காகிதப் பதிவேட்டில் புல எண்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேடிப் புரட்டும்போது பக்கத்துப் புலமும், ஓடையும், கண்மாய்ப் புறம்போக்கும் சேர்ந்தே கண்ணில் படும். அந்தப் புத்தகம் எல்லோர் கைக்கும் எட்டியதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் எட்டுகிற இந்தப் பக்கத்திலோ புரட்டவே வழியில்லை.

இது முடியாத காரியம் இல்லை. 1992-லேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் வில்லியம்சனும் பென் ஷ்னைடர்மேனும் 'ஹோம்ஃபைண்டர்' என்ற மென்பொருளைக் காட்டினார்கள். வாஷிங்டன் பகுதி வரைபடத்தில் விற்பனைக்கு உள்ள வீடுகள் புள்ளிகளாகத் தெரியும். விலை, படுக்கையறை எண்ணிக்கை என்ற பட்டைகளை இழுத்தால் புள்ளிகள் உடனுக்குடன் கூடும், குறையும். என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமலே வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கலாம்.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்? பட்டா நிலத்துக்கு நம்பரை எழுதி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். கண்மாய்க்கும் வரத்துக்கால்வாய்க்கும் யார் இருக்கிறார்? எல்லோருக்கும் பொது என்பதால் அந்த நம்பர் யாரிடமும் இருப்பதில்லை. நம்பர் இல்லாவிட்டால் பதிவேட்டில் பார்க்க முடியாது. பதிவில் எத்தனை ஹெக்டேர் என்று தெரியாத கால்வாயில் எவ்வளவு காணாமல் போனது என்று எப்படிக் கேட்பது? வானம் பார்த்த பூமியில் இது சின்ன விஷயம் இல்லை.

வரைபடத்தில் புலத்தைத் தொட்டுப் பார்க்கும் வசதியும் இப்போது அரசிடம் உண்டு. நல்ல திசை. பதிவேட்டுப் பக்கமும் ஒரு படி போகலாம்: கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததுமே கண்மாய், ஓடை, பாதை, மயானம் எல்லாம் பரப்போடு பட்டியலாக விரியட்டும். தனியார் பெயர் எதுவும் அதில் வராது. சும்மா பார்க்க வந்தவர் பார்க்கட்டும். பொதுச்சொத்துக்கு அப்படி நாலு பேர் பார்ப்பதுதான் காவல்.